வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை: வீட்டிலேயே கண்டறிய ஐந்து கட்டளைகள்

முகப்பேர் மேற்கில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அத்தா துபாயில் ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலையில் இருக்கிறார். அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இங்கே. மகள் பிளஸ் டூ முடித்து, பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருந்தாள். 2018 முதல் இந்தக் கலந்தாய்வு ஆன்லைனில்தான் நடக்கிறது என்பது பெற்றோர் பலருக்கும் தெரியும். எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்று விருப்பப் பட்டியலை நாமே வரிசைப்படுத்தி, கொடுத்த நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்த வரிசைதான் பிள்ளையின் நான்கு ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது.

அந்தப் பெண் நோட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட வரிகள் எழுதி வைத்திருந்தாள். கடைசி நாள் மாலை லேப்டாப்பைத் திறந்தால் எந்தப் பக்கமும் வரவில்லை. வைஃபை அடையாளம் முழுதாக எரிகிறது. அம்மாவின் போனில் எல்லாம் வேலை செய்கிறது. "போன்ல வருது, லேப்டாப்ல வரல. அப்ப லேப்டாப்தான் போச்சு" என்று வீட்டில் முடிவாகிவிட்டது. இணைப்புக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டால், வந்த தம்பி பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு, "எங்க லைன்ல ஒண்ணும் இல்லம்மா, லேப்டாப் பழசு" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் அது. புதிதாக வாங்கக் கையில் பணம் இல்லை. வாங்கினாலும் அன்று இரவுக்குள் ஆகாது.

உண்மையில் லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஐந்து கட்டளைகளும் பத்து நிமிடமும் போதுமாக இருந்தன. இந்த ஐந்தையும் எல்லாக் குடும்பங்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

போன் சொன்ன பொய்

முதலில் அந்த வீட்டார் ஏமாந்த இடத்தைப் பார்த்துவிடுவோம். நம் ஸ்மார்ட் போன்களில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று வீட்டு வைஃபை, மற்றொன்று சிம் கார்டின் டேட்டா. வைஃபையில் இணைந்திருந்தும் அதில் இணையம் வரவில்லை என்று தெரிந்தால், பெரும்பாலான போன்கள் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். போன் வைத்திருப்பவருக்கு அது தெரியாது. லேப்டாப்பில் சிம் இல்லை. ஆகவே அது உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. நாமோ போனை நம்பி, லேப்டாப்பைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம்.

இதைச் சோதிப்பது எளிது. போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையை மட்டும் வைத்து ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் கோளாறு லேப்டாப்பில் இல்லை.

துபாயிலிருந்து வந்த வரிகள்

அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாகப் பேச முடியாது. எழுத்துச் செய்தியும் படமும் போகும். அன்று அந்த அத்தா மகளுக்கு அனுப்பியது இதுதான்: "பதறாதம்மா. நான் அனுப்புறத அப்படியே டைப் பண்ணு. வர்றத போட்டோ எடுத்து அனுப்பு."

கட்டளை வரியின் பெரிய பயன் இங்கேதான் இருக்கிறது. "வலது மூலையில் ஒரு படம் இருக்கும், அதை அழுத்து, பிறகு வரும் பட்டியலில் மூன்றாவது..." என்று தொலைவிலிருந்து வழிகாட்டுவது கடினம். ஒவ்வொரு கணினியிலும் அந்தப் படம் வேறு இடத்தில் இருக்கும், வேறு மாதிரி இருக்கும். கட்டளை என்பது ஒரே ஒரு வரி எழுத்து. துபாயிலிருந்து முகப்பேருக்கு அது எழுத்து மாறாமல் வந்து சேரும். பதிலும் எழுத்தாகவே திரும்பிப் போகும். குடும்பத்தலைவர் கடல் கடந்து இருக்கும் வீடுகள் நம்மில் எத்தனையோ. அந்த வீடுகளுக்கு இது உதவும்.

அந்த லேப்டாப்பின் கதை

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, நம் மேற்குப் பகுதியை அடுத்த திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் போய்ச் சேர்ந்தன. அவற்றில் பலவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. திறக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். பாஸ் லினக்ஸைச் சென்னையில் உள்ள சி-டாக் மையம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது.

பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் அந்த இரண்டாவது வாசலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இன்று அந்த லேப்டாப்கள் அலமாரியில், துணிகளுக்கு அடியில் கிடக்கின்றன. புதிய விண்டோஸ் அவற்றில் ஓடுவது சிரமம். எடை குறைந்த புதிய லினக்ஸ் ஒன்றைப் போட்டால், படிப்புக்கும் விண்ணப்பங்களுக்கும் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். நாம் சொல்லும் வீட்டில் அண்ணன் அப்படித்தான் செய்து கொடுத்திருந்தான்.

இன்டர்ஃபேஸ் என்றால் என்ன?

ஒரு கணினியிலிருந்து தகவல் வெளியே போகவும் உள்ளே வரவும் உள்ள வாசலுக்குத்தான் 'நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்' என்று பெயர். லேப்டாப்பில் கேபிள் செருகும் துளை ஒரு வாசல். உள்ளே இருக்கும் வைஃபை இன்னொரு வாசல். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தால், அந்த நேரத்துக்கு ஒரு புதிய வாசல் உண்டாகும். இவை தவிர 'லோ' என்று ஒன்று எப்போதும் இருக்கும். கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் வாசல் அது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நம் வீட்டிலிருந்து ஒரு பக்கத்தைத் திறக்கும்போது தகவல் ஒரு சங்கிலியில் போகிறது. லேப்டாப்பின் வாசல், வீட்டு ரூட்டர், தெருவில் மின்கம்பம் மாற்றி மின்கம்பம் வரும் ஃபைபர் கேபிள், இணைப்பு நிறுவனம், அதற்கு அப்பால் உலகம். எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் ஒரே செய்திதான் வரும்: பக்கம் கிடைக்கவில்லை. எந்தக் கண்ணி என்று தெரியாமல் செய்யும் செலவும் சொல்லும் பழியும் வீண்.

ஐந்து கட்டளைகள்

லினக்ஸில் 'டெர்மினல்' என்ற கறுப்புத் திரையைத் திறக்க வேண்டும். பலவற்றில் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். கீழே சொல்லும் கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டி, என்டர் அழுத்த வேண்டும். எழுத்துகளின் ஒலியை இங்கே தமிழில் தருகிறோம்.

ஒன்று: ஐபி எல். அதாவது ஐ, பி என்ற இரண்டு எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு எல் என்ற ஓர் எழுத்து. கணினியின் வாசல்கள் எல்லாவற்றையும் இது பட்டியலிடும். பெயர் 'இஎன்' அல்லது 'இடிஹெச்' என்று தொடங்கினால் அது கேபிள் வாசல். 'டபிள்யூஎல்' என்று தொடங்கினால் வைஃபை. அந்த வரியில் 'ஸ்டேட் அப்' என்று இருந்தால் வாசல் திறந்து, இணைந்திருக்கிறது. 'டவுன்' என்றால் இணையவில்லை. 'நோ கேரியர்' என்று வந்தால் வாசல் திறந்திருந்தும் எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. கேபிள் சரியாகச் செருகவில்லை, அல்லது ரூட்டர் அணைந்திருக்கிறது.

வைஃபை வாசல் 'டவுன்' ஆக இருந்தால், 'ஆர்எஃப்கில்' என்று சேர்த்து எழுதி, இடைவெளி விட்டு 'லிஸ்ட்' என்று தட்டுங்கள். 'சாஃப்ட் பிளாக்டு, எஸ்' என்றால் விமானப் பயன்முறை போன்ற ஏதோ ஒன்று மென்பொருளில் அதை அணைத்திருக்கிறது. 'ஹார்டு பிளாக்டு, எஸ்' என்றால் பெரும்பாலும் ஒரு ஸ்விட்ச்தான் காரணம். சில பழைய லேப்டாப்களின் ஓரத்தில் வைஃபைக்கென்றே ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கும். பையில் வைக்கும்போது அது நகர்ந்திருக்கலாம். அதற்காகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு.

இரண்டு: ஐபி ஏ. வாசலுக்கு எண் கிடைத்திருக்கிறதா என்று இது காட்டும். வைஃபை வாசலின் கீழே 'ஐநெட்' என்ற வரியில் 192.168 என்று தொடங்கும் ஓர் எண்ணைப் பெரும்பாலும் காணலாம். இது வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். இப்படிப்பட்ட எண்களை வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் என்று 1996-லேயே ஒதுக்கிவிட்டார்கள். அதனால்தான் நம் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஒரே எண் இருந்தாலும் மோதல் வருவதில்லை. இந்த எண்ணைக் கொடுப்பது ரூட்டர். 'ஐநெட்' வரியே இல்லை என்றால் ரூட்டர் எண் கொடுக்கவில்லை. ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போட்டுப் பாருங்கள். விண்டோஸில் இதே நிலை வந்தால், 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைக் கணினி தானே போட்டுக்கொள்ளும். அந்த எண்ணைக் கண்டால் ரூட்டர் பேசவில்லை என்று பொருள்.

மூன்று: ஐபி ஆர். வெளியே போகும் வழியை இது சொல்லும். 'டீஃபால்ட் வையா' என்று தொடங்கும் வரியில் 192.168.1.1 போன்ற ஓர் எண் இருக்கும். அதுதான் ரூட்டரின் எண். 'கேட்வே' என்று சொல்வார்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வரி இல்லையென்றால், தெருவுக்குப் போகும் வழி தெரியாமல் கணினி வீட்டுக்குள்ளேயே நிற்கிறது.

நான்கு: பிங். ஓர் எண்ணுக்குச் சிறு தகவலை அனுப்பி, "இருக்கிறீர்களா?" என்று கேட்கும் கட்டளை இது. லினக்ஸில் நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். நான்கு முறை போதும் என்றால் 'பிங்', இடைவெளி, கோடும் சி எழுத்தும், இடைவெளி, 4, இடைவெளி, பிறகு எண் என்று தட்ட வேண்டும். இதை மூன்று இடங்களுக்கு அனுப்ப வேண்டும்.

முதலில் கேட்வே எண்ணுக்கு. பதில் வந்தால் லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் இடையே எல்லாம் சரி. லேப்டாப் பழசு என்ற பேச்சுக்கு இத்தோடு முடிவு.

இரண்டாவதாக 8.8.8.8 என்ற எண்ணுக்கு. இது கூகுள் 2009 முதல் பொதுமக்களுக்காக நடத்தும் சேவையின் எண். பதில் வந்தால் நம் தெருக் கேபிளும் இணைப்பு நிறுவனமும் வேலை செய்கின்றன. ரூட்டர் பதில் சொல்லி, இது பதில் சொல்லவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே.

மூன்றாவதாக, ஏதாவது ஒரு பெரிய தளத்தின் பெயருக்கு. எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயரைத் தட்டினால் மட்டும் 'நேம்' என்ற சொல்லோடு ஒரு பிழை வருகிறது என்றால், பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் சேவை நின்றுவிட்டது. அதற்கு டிஎன்எஸ் என்று பெயர். போனில் பெயரைத் தொட்டால் எண்ணுக்கு அழைப்பு போகிறதல்லவா, அந்தத் தொடர்புப் பட்டியல் போன்றது இது. பட்டியல் தொலைந்தால், லைன் நன்றாக இருந்தும் யாரையும் கூப்பிட முடியாது.

முகப்பேரில் அன்று நடந்தது இதுதான். வாசல் திறந்திருந்தது. எண் இருந்தது. கேட்வே பதில் சொன்னது. 8.8.8.8 பதில் சொன்னது. பெயர் மட்டும் கிடைக்கவில்லை. மூன்றாவது போட்டோவைப் பார்த்ததுமே அத்தாவுக்குப் புரிந்துவிட்டது.

ஐந்து: என்எம்சிஎல்ஐ. இந்த ஐந்து எழுத்துகளையும் சேர்த்துத் தட்ட வேண்டும். பெரும்பாலான லினக்ஸ் லேப்டாப்களில் இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் 'நெட்வொர்க் மேனேஜர்' என்ற மென்பொருளோடு பேசும் கட்டளை இது. இதற்குப் பின் இடைவெளி விட்டு 'டி' என்று தட்டினால் எந்த வாசல் எந்த இணைப்பில் இருக்கிறது என்று காட்டும். 'சி' என்று தட்டினால், நாம் சேமித்து வைத்திருக்கும் இணைப்புகளின் பெயர்களைக் காட்டும். 'ஆர் வைஃபை ஆஃப்' என்றும், பிறகு 'ஆர் வைஃபை ஆன்' என்றும் தட்டினால் வைஃபையை அணைத்துப் போட்டதாகும்.

பெயர்ப் பட்டியலை மாற்ற இரண்டு வரிகள் வேண்டும். முதல் வரி: என்எம்சிஎல்ஐ, சி, மாடிஃபை, இணைப்பின் பெயர், பிறகு 'ஐபிவி4' புள்ளி 'டிஎன்எஸ்', கடைசியாக 8.8.8.8. ஐபிவி4, புள்ளி, டிஎன்எஸ் மூன்றும் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக வர வேண்டும். மற்றவற்றுக்கு இடையே இடைவெளி வேண்டும். இரண்டாவது வரி: என்எம்சிஎல்ஐ, சி, அப், இணைப்பின் பெயர். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். 8.8.8.8-க்குப் பதிலாக 1.1.1.1 என்றும் கொடுக்கலாம். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2018-ல் தொடங்கிய சேவை அது.

இரண்டாவது வரியைத் தட்டியதும் வைஃபை ஒருமுறை அறுந்து திரும்பச் சேர்ந்தது. கலந்தாய்வுப் பக்கம் திறந்தது. அறுபது வரிகளையும் அந்தப் பெண் நிதானமாக வரிசைப்படுத்தி, இரண்டு முறை சரிபார்த்து, நேரத்துக்குள் பதிவு செய்தாள். அல்ஹம்துலில்லாஹ்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசைதான். அங்கே 'கமாண்ட் பிராம்ப்ட்' திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று தட்டினால் எண்ணும் கேட்வேயும் ஒரே இடத்தில் வரும். 'பிங்' அப்படியே வேலை செய்யும், நான்கு முறையோடு தானே நிற்கும்.

தற்காலிகமும் நிரந்தரமும்

புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு பயம் இருக்கும். எதையாவது தப்பாகத் தட்டி லேப்டாப்பைக் கெடுத்துவிட்டால்? மேலே சொன்ன முதல் நான்கும் பார்க்க மட்டும் செய்பவை. எதையும் மாற்றாதவை. எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டலாம்.

'ஐபி' கட்டளையைக் கொண்டு மாற்றங்களும் செய்யலாம். வாசலை மூடலாம், திறக்கலாம், வேறு எண் கொடுக்கலாம். அதற்கு முன்னால் 'சுடோ' என்ற சொல்லைச் சேர்த்து, கடவுச்சொல் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்த மாற்றம் லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டால் போய்விடும். தவறு நேர்ந்தாலும் மறுதொடக்கம் அதைச் சரிசெய்துவிடும். என்எம்சிஎல்ஐ செய்யும் திருத்தமோ கோப்பில் பதிந்து நிரந்தரமாகும். ஆகவே அதை மாற்றும் முன், இப்போது என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள், அல்லது போட்டோ எடுத்து வையுங்கள்.

இன்னொரு குழப்பமும் வரும். பழைய புத்தகங்களில் 'இஃப்கான்ஃபிக்' என்ற கட்டளைதான் இருக்கும். 1983-ல் பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்த கட்டளை அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் எல்லோரும் அதைத்தான் கற்றார்கள். 2017-ல் வந்த டெபியன் 9 முதல் அது தானாக நிறுவப்படுவதில்லை. கல்லூரி நோட்ஸைப் பார்த்துத் தட்டும் பிள்ளைக்கு 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால், தவறு பிள்ளையுடையது அல்ல. அதன் இடத்துக்கு வந்ததுதான் இந்த 'ஐபி'. அதுபோல் 'இடிஹெச்0' என்று எளிமையாக இருந்த வாசல் பெயர்களும் 2013-ல் வந்த புதிய முறைக்குப் பின் நீண்டுவிட்டன. வாசல் கணினிக்குள் எந்த இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பெயரிலேயே சொல்லும் முறை அது. புத்தகத்தில் உள்ள பெயரை அப்படியே தட்டாமல், 'ஐபி எல்' காட்டும் பெயரைப் பயன்படுத்த வேண்டும்.

அவசரத்துக்கு இரண்டாவது வாசல்

கோளாறு வெளியே இருக்கிறது, கடைசி நேரம் நெருங்குகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். போனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போனின் அமைப்புகளில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். 'ஐபி எல்' தட்டினால் ஒரு புதிய வாசல் சேர்ந்திருப்பதைக் காணலாம். 'ஐபி ஆர்' தட்டினால் இப்போது இரண்டு 'டீஃபால்ட்' வரிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 'மெட்ரிக்' என்று ஓர் எண் இருக்கும். எண் குறைவாக உள்ள வழியைக் கணினி தேர்ந்தெடுக்கும். நெட்வொர்க் மேனேஜர் வழக்கமாகக் கேபிளுக்கு 100-ஐ ஒட்டியும் வைஃபைக்கு 600-ஐ ஒட்டியும் கொடுக்கும். போன் யூஎஸ்பியில் வந்தால் கேபிளாகவே கணக்காகும். ஆகவே வைஃபையை நிறுத்தாமலே தகவல் போன் வழியாகப் போகத் தொடங்கிவிடும்.

அந்த வீட்டிலும் இப்படிச் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். செய்திருக்கலாம்தான். ஆனால் லேப்டாப்பே போய்விட்டது என்று நம்பிய பிறகு யாருக்கும் அது தோன்றாது. அவசரத்தில் சொன்ன ஒரு தீர்ப்பு மற்ற வழிகளையும் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

கட்டளையால் ஆகாதவை

எல்லாவற்றையும் இந்த ஐந்து வரிகள் சரிசெய்துவிடாது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உட்பட நம் பகுதிகள் தண்ணீரில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் இல்லை, ரூட்டர் இல்லை, பல இடங்களில் செல்போன் சிக்னலும் இல்லை. அப்போது நமக்குத் தேவை பொறுமையும், சார்ஜ் உள்ள போனை மிச்சப்படுத்தி வைப்பதும்தான். எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் குறையும்.

கட்டளையைத் தட்டுவதில் கவனமும் வேண்டும். 2021 அக்டோபர் 4 இரவை வளைகுடாவில் உறவினர் உள்ள குடும்பங்கள் நினைவில் வைத்திருக்கும். இந்திய நேரம் இரவு ஒன்பது மணிக்குப் பின் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுவதும் நின்றன. சுமார் ஆறு மணி நேரம் திரும்பவில்லை. போன் கெட்டுவிட்டது என்று எண்ணி எத்தனை பேர் அணைத்து அணைத்துப் போட்டோம்! வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு இணைப்புகள் முழுவதையும் துண்டித்துவிட்டது என்று நிறுவனமே பிறகு விளக்கியது. அப்படிப்பட்ட தவறைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை இருந்தது. அதைத் தொடர்ந்து அவர்களுடைய டிஎன்எஸ் கணினிகளும் இணையத்தின் கண்ணிலிருந்து மறைந்தன. தொலைவிலிருந்து சரிசெய்ய முடியாமல் பொறியாளர்கள் நேரில் போக வேண்டியதாயிற்று.

அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை எளியவை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மாற்றும் முன் குறித்து வையுங்கள். தொலைவில் உள்ள ஒரு கணினிக்குள் இருந்துகொண்டு, நீங்கள் நுழைந்த அதே வாசலை மூடாதீர்கள். மூடினால் திறக்க உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பும் கட்டளையை, குறிப்பாக 'சுடோ' என்று தொடங்குவதை, தட்டாதீர்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம், இணைப்பு நிறுவனத்திலிருந்து பேசுகிறோம் என்று சொல்லிக் கட்டளை தட்டச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். நம் அத்தாவோ அண்ணனோ அனுப்பினாலும், அது என்ன செய்யும் என்று கேட்டுவிட்டுத் தட்டும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

புகார் சொல்லும் முறை

இணைப்புக் கோளாறைப் பார்க்க வரும் தம்பிகளும் நம் பிள்ளைகள் போன்றவர்களே. வெயிலிலும் மழையிலும் மின்கம்பம் ஏறுகிறவர்கள். "நெட்டே வரல, என்ன சர்வீஸ் பண்றீங்க?" என்று கத்தினால் அவருக்கும் ஒன்றும் விளங்காது. "கேட்வே பதில் சொல்கிறது, 8.8.8.8 பதில் சொல்லவில்லை" என்றோ, "எண் போகிறது, பெயர் மட்டும் கிடைக்கவில்லை" என்றோ சொன்னால், எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்கு அந்த நொடியே தெரியும். அன்று முகப்பேரில் வந்த தம்பி சொன்னதும் அவர் பார்த்த வரைக்கும் சரிதான். லைனில் குறை இல்லைதான். அதற்கு மேல் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியவும் இல்லை.

விசாரிக்காமல் யார் மீதும் குற்றம் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். பக்கம் திறக்காதபோது "நீ எதையோ அமுக்கிட்டே" என்று மகளைத் திட்டுவதிலும் அதே தவறு இருக்கிறது.

கற்றால் கைத்தொழில்

இது வீட்டு உபயோகத்தோடு நிற்கும் அறிவும் அல்ல. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறைகளுக்கு நடுவே இன்று மென்பொருள் அலுவலகங்களும் நிற்கின்றன. முகப்பேர் பிள்ளைகளுக்கு அது பக்கத்து ஊர். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. நம் ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பதும் லினக்ஸ்தான். சர்வர்களைப் பராமரிக்கும் வேலைக்கு ரெட் ஹேட் நிறுவனம் நடத்தும் தொடக்கநிலைத் தேர்வில் கேள்வித்தாள் கிடையாது. கணினியின் முன் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். ஒரு வாசலுக்கு எண் கொடுத்து, மறுதொடக்கத்துக்குப் பின்னும் அது நிற்கும்படி செய்வதும் அதன் பாடத்திட்டத்தில் உண்டு. நாம் மேலே பார்த்த என்எம்சிஎல்ஐ அங்கே அன்றாடக் கருவி.

ஆங்கிலம் தடையாக இருக்கும் என்று அஞ்ச வேண்டாம். 2012 ஜனவரி முதல் வரும் 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழிலேயே விளக்கி வருகிறது. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் கனு/லினக்ஸ்' நூலும் மின்னூலாக இலவசமாகக் கிடைக்கிறது. வெளியே வகுப்புக்குப் போக வசதிப்படாத பெண்பிள்ளைகளும் இல்லத்தரசிகளும் வீட்டிலிருந்தே தொடங்கலாம். செலவு என்று பார்த்தால், அலமாரியில் இருக்கும் லேப்டாப்பைத் தூசி தட்டும் நேரம்தான்.

இந்த வார இறுதியில் இணையம் நன்றாக வேலை செய்யும் ஒரு நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, முதல் நான்கு கட்டளைகளையும் தட்டிப் பாருங்கள். நல்ல நேரத்தில் என்ன வருகிறது என்று தெரிந்தால்தான் கெட்ட நேரத்தில் எது மாறியிருக்கிறது என்று தெரியும். வாசலின் பெயர், உங்கள் எண், கேட்வே எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி ரூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை கடைசி நாள் மாலையில் பக்கம் திறக்காமல் போனால், வீட்டில் யாரும் யாரையும் திட்டுவதற்கு முன் அந்தத் தாளைத் தேடுவார்கள்.